கென்யா செல்வோர்க்கு: புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும்

எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் குடும்பங்களில், கடல் கடந்து பணிபுரியும் பிள்ளைகளைக் கொண்டவை பல. மகளின் பேறுகாலத்துக்காகவும், பேரக் குழந்தையைக் கவனித்துக்கொள்ளவும், சில வேளைகளில் காட்டு விலங்குகளைக் காணும் ஆவலாலும் பெற்றோர் பயணப்படுகின்றனர். அவ்வகையில் கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவின் பெயர் இப்போது எங்கள் காதில் அடிக்கடி விழுகிறது. "டாக்டர், அடுத்த மாதம் நைரோபி போகிறோம். மாத்திரை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்போர்க்கு மாத்திரைச் சீட்டு மட்டும் போதாது. அவர்களுக்கும் உடன் செல்வோர்க்கும், இங்கிருந்தபடி அவர்களைக் கவனித்துக்கொள்வோர்க்கும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு நிகழ்வைக் கூற வேண்டும். அந்த நோயாளியை இனங்காட்டும் விவரங்களைத் தவிர்த்துள்ளோம். நீரிழிவு உள்ள 58 வயதுத் தாய் ஒருவர், நான்கு நாள் காய்ச்சலுக்குப் பின் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். அதற்குள் இரண்டு இடங்களில் வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தமையால் டெங்கு என்று ஐயுற்று அதற்கான பரிசோதனையும் செய்திருந்தனர்; டெங்கு இல்லை என்று வந்தது. எங்களிடம் வந்தபோது கண்கள் மஞ்சளித்து, கேட்ட கேள்விக்குத் தாமதமாக விடை சொல்லும் நிலையில் இருந்தார். நாங்களும் கிருமித் தொற்று, கல்லீரல் அழற்சி என்ற வழியிலேயே முதலில் சிந்தித்தோம். இரவுப் பணிக்கு வந்த செவிலியர் குறிப்பேட்டை நிரப்பும்போது, "அம்மா கடைசியாக எந்த ஊருக்குப் போய் வந்தார்கள்?" என்று மகனிடம் கேட்டார். "அக்கா வீட்டுக்கு, கென்யா போயிட்டு வந்து 16 நாள் ஆகுது" என்றார் மகன். அரை மணி நேரத்தில் இரத்தத் துளி நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்டது. சிவப்பணுக்களில் ஃபால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணிகள் நிறைந்திருந்தன.

அவர் பிழைத்துக்கொண்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆர்ட்டிசுனேட் ஊசி செலுத்தப்பட்டு, பல நாள்களுக்குப் பின் வீடு திரும்பினார். விடைபெறும்போது மகன் கேட்ட கேள்வி எங்களுக்கு மறக்கவில்லை: "இதை ஏன் சார் முதல் நாளே யாரும் கேட்கவில்லை?" அக்கேள்வி நியாயமானது. கேட்க வேண்டியது மருத்துவரின் கடமை. கேட்காவிட்டாலும் சொல்வது நோயாளிக்குக் காப்பு. இப்பாடத்தின் சாரம் அதுவே. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒரே நாடு, பல நிலங்கள்

ஆப்பிரிக்கா என்றவுடன் கடும் வெயிலை நினைக்கிறோம். நிலநடுக்கோடு கென்யாவின் ஊடாகச் செல்கிறது என்பது உண்மை. ஆயினும் தலைநகர் நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ நம் குன்னூரின் உயரம் அது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் நன்கு குளிரும். கம்பளி ஆடையின்றிச் சென்று இருமலுடனும் இழுப்புடனும் முதல் வாரத்தைக் கழித்தவர்கள் உண்டு. கடற்கரை நகரான மொம்பாசாவோ சென்னையைப் போன்றே வெப்பமும் புழுக்கமும் மிக்கது. மேற்கே விக்டோரியா ஏரிக் கரையில் உள்ள கிசுமு பகுதி ஈரமும் கொசுவும் நிறைந்தது. பெருமழைக்காலம் மார்ச் முதல் மே வரை. சிறுமழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

எனவே "கென்யா போகிறோம்" என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது. எந்த ஊர், எந்த மாதம், எத்தனை நாள், இடையில் வேறு எங்கெங்கு செல்லும் எண்ணம் உண்டு என்பவற்றையும் சொல்ல வேண்டும். மலேரியா நைரோபியில் குறைவு. கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப் பகுதியிலும் மிகுதி. நைரோபியில் இரண்டு மாதம் தங்குபவர் மூன்று நாள் மொம்பாசா சென்று வந்தாலும், அந்த மூன்று நாள்களைக் கணக்கில் கொண்டே தடுப்பு மருந்து முடிவு செய்யப்படும்.

இந்தக் கலந்தாய்வைப் பயணத்துக்கு 6 வாரங்களுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிகள் பயன் தர நாள்கள் வேண்டும். சில மாத்திரைகளைப் புறப்படுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். சிலவற்றை மருந்துக் கடையில் சொல்லிவைத்து வரவழைக்க நேரலாம்.

மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு

"மஞ்சள் காமாலை ஊசிதான் ஏற்கெனவே போட்டாயிற்றே" என்று பலர் சொல்கின்றனர். அவர்கள் போட்டுக்கொண்டது பெரும்பாலும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் என்பது கொசுவால் பரவும் வேறொரு வைரஸ் நோய். அது இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இங்கே ஏராளம். நோய் உள்ளே நுழைந்தால் பரவுவதற்கு வழி திறந்தே இருக்கிறது. அதனால்தான் நம் நாடு இதில் கண்டிப்பாக இருக்கிறது.

இந்தியாவிலிருந்து நேராகச் செல்பவரிடம் கென்யா இந்தச் சான்றிதழை வற்புறுத்துவதில்லை. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். செல்லத்தக்க சான்றிதழ் இல்லையேல் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் விமான நிலைய சுகாதார அலுவலருக்கு உண்டு. தடுப்பூசி போட்ட 10 நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். 2016 முதல் இதுவே பன்னாட்டு விதி. எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி அன்று இது. அரசு ஒப்புதல் பெற்ற மையங்களில் மட்டுமே சான்றிதழுடன் கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையமும் துறைமுக சுகாதார அமைப்பும் அத்தகையவை. முன்பதிவு, நாள், நேரம் ஆகியவற்றை முன்னதாகவே கேட்டறிந்து, கடவுச்சீட்டுடன் செல்லுங்கள்.

எங்கள் நோயாளிகள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். இத்தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, உயிருள்ள வைரஸ். நோயெதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு அதுவே தீங்காகலாம். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் உட்கொள்பவர், மூட்டு வாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து பெறுபவர், தைமஸ் சுரப்பி நோய் உள்ளவர், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர் ஆகியோர் தம் சிறப்பு மருத்துவரைக் கேளாமல் ஊசி மையத்துக்குச் செல்லலாகாது. 60 வயதைக் கடந்து முதன்முறையாகப் போட்டுக்கொள்பவருக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் நன்மை தீமைகளை எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஊசி கூடாதவர்க்கு மருத்துவ விலக்குச் சான்று தருகிறோம். எனினும் திரும்பும் நாளில் அதை ஏற்பதா, தனிமைப்படுத்துவதா என்பதைச் சுகாதார அலுவலரே முடிவு செய்வார். அந்த 6 நாளுக்கான மருந்தும் மாற்று ஏற்பாடும் கையில் இருக்கட்டும். பயணம் அவ்வளவு அவசியமா என்றும் குடும்பத்தோடு அமர்ந்து பேசுங்கள். மகளும் மருமகனும் இங்கு வந்துபோவது எளிதாக இருக்கக்கூடும்.

இதனுடன் டைபாய்டு, ஹெப்படைட்டிஸ் ஏ, டெட்டனஸ் தடுப்பூசிகள் தேவையா என்பதையும் அதே கலந்தாய்வில் கேளுங்கள்.

மலேரியா: நாம் அறிந்ததும் அறியாததும்

"மலேரியா நமக்குப் புதிதா? சின்ன வயதில் இரண்டு முறை வந்து போனதே" என்ற பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். சென்னை போன்ற நகரங்களில் காணப்படும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. அது துன்புறுத்தும், ஆனால் உயிரைப் பறிப்பது குறைவு. கென்யாவில் பெரும்பாலும் காணப்படுவது ஃபால்சிபாரம். இது பாதித்த சிவப்பணுக்கள் சிறு இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் இரத்தம் தடைப்படுகிறது. காலையில் எழுந்து நடமாடியவர் மறுநாள் மயக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. கென்யாவில் பிறந்து வளர்ந்தோர்க்கு மீண்டும் மீண்டும் தொற்று ஏற்பட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் உருவாகிறது. அங்கிருந்து நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்தால் அதுவும் மங்கிவிடும். எனவே, "பத்து வருஷம் அங்கே இருந்தவள் நான், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று எண்ணிச் செல்வது ஆபத்து. இங்கிருந்து முதன்முறை செல்பவருக்கோ அந்த ஆற்றல் அறவே இல்லை.

வீட்டு அலமாரியில் கிடக்கும் குளோரோகுயின் மாத்திரை அங்கே பயன்படாது. கென்யாவின் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி அம்மருந்துக்கு எப்போதோ பழகிவிட்டது. தடுப்புக்காக இன்று மூன்று மருந்துகள் பெரிதும் பயன்படுகின்றன.

முதலாவது, அட்டோவாகுவோன் – புரோகுவானில் கூட்டு மாத்திரை. புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, நாள்தோறும் உணவுடன் உட்கொண்டு, மலேரியாப் பகுதியை விட்டு நீங்கிய பின் 7 நாள் தொடர வேண்டும். சிறுநீரகம் பெரிதும் பழுதுபட்டவர்க்கு ஏற்றதன்று.

இரண்டாவது, டாக்ஸிசைக்ளின். இதையும் ஓரிரு நாள் முன்பு தொடங்கி நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். நீங்கிய பின்னும் 4 வாரம் தொடர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. வெயில் பட்டால் தோல் சிவந்து எரியலாம். நிறைய நீருடன் விழுங்கி, அரை மணி நேரமேனும் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக் குழாயில் புண் உண்டாகும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் நெஞ்செரிச்சல் மருந்துகளையும் இதனுடன் சேர்த்து விழுங்காமல், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது, மெஃப்ளோகுயின். வாரம் ஒன்று. இரண்டு, மூன்று வாரம் முன்பே தொடங்கி, நீங்கிய பின் 4 வாரம் தொடர வேண்டும். வலிப்பு, மனச்சோர்வு அல்லது வேறு மனநோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்க்குக் கூடாது.

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். டாக்ஸிசைக்ளினும் புரோகுவானிலும் அம்மருந்தின் வேகத்தைக் கூட்டக்கூடும். தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்குச் சற்று முன்னதாகவே தொடங்கி, இங்கேயே ஐ.என்.ஆர். பார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

கர்ப்பிணிகளுக்கு மலேரியா தாய்க்கும் சேய்க்கும் பேராபத்து. தவிர்க்கக்கூடிய பயணமாயின் பேறுகாலம் முடியும் வரை ஒத்திவையுங்கள்.

வீடு திரும்பியதும் மாத்திரை முடிந்துவிடுவதில்லை

மேலே கூறிய தாய் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை அங்கிருந்த நாள் முழுவதும் ஒழுங்காக உட்கொண்டிருந்தார். சென்னையில் இறங்கிய அன்று நிறுத்திவிட்டார். "நம் ஊருக்குத்தான் வந்துவிட்டோமே" என்று நினைத்தாராம். எஞ்சிய பட்டைகள் அவர் கைப்பையிலேயே இருந்தன.

எதற்காக 4 வாரம் என்பதை அறிந்தால் நிறுத்தத் தோன்றாது. கொசு கடிக்கும்போது உடலில் புகும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ ஒளிந்து பெருகுகிறது. பின்னரே இரத்தத்தில் இறங்குகிறது. டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் இரத்தத்தில் இறங்கிய ஒட்டுண்ணியைத்தான் அழிக்கின்றன. கடைசி நாள் கடித்த கொசுவின் ஒட்டுண்ணி, நீங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகே வெளிப்படும். அப்போது இரத்தத்தில் மருந்து இருந்தாக வேண்டும். அட்டோவாகுவோன் கூட்டு மாத்திரை கல்லீரலில் உள்ளபோதே தாக்குவதால் அதற்கு 7 நாள் போதுமானது. மாத்திரை அட்டையில் முடிவு நாளை எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

மாத்திரை எதுவும் முழுக் காப்பு அன்று. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு, அந்தி சாய்ந்தது முதல் விடியும் வரை கடிக்கும். மாலையில் முழுக்கை, முழுக்கால் ஆடை அணியுங்கள். மருந்து தோய்த்த வலைக்குள் உறங்குங்கள். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். டீட் அல்லது பிகாரிடின் கலந்த கொசு விரட்டியைத் திறந்த தோலில் பூசுங்கள். வெயில் காப்புக் களிம்பும் பூசுவதாயின், முதலில் அது, அதன் மேல் விரட்டி. கடற்கரைப் பகுதியில் டெங்குவும் உண்டு. அக்கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகலிலும் கவனம் தேவை. வனவிலங்குப் பூங்காக்களில் கடிக்கும் செட்சி ஈக்களை அடர் நீலமும் கறுப்பும் ஈர்க்கும். அங்கே வெளிர் நிற ஆடையே ஏற்றது.

நாட்பட்ட நோய் உள்ளவர்கள்

மருந்துகளை விமானத்தின் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். தங்கும் நாளுக்கு மேல் இரண்டு வார அளவு கூடுதலாக இருக்கட்டும். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதிய கடிதத்தை எங்களிடம் கேட்டுப் பெறுங்கள். கடும் வலி நிவாரணிகளையும் தூக்க மாத்திரைகளையும் கடிதமின்றியோ, உறையிலிருந்து பிரித்தோ கொண்டு செல்லலாகாது. கென்யாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2017 முதல் தடை உள்ளது. கடையில் கொடுத்த பாலித்தீன் பையோடு இறங்காமல், மருந்துகளைத் துணிப்பையில் அடுக்கிக்கொள்ளுங்கள்.

*நீரிழிவு:* இன்சுலின் சரக்குப் பகுதியில் உறைந்து கெடலாம். இந்திய நேரத்தைவிடக் கென்ய நேரம் இரண்டரை மணி பின்தங்கியது. இச்சிறு வேறுபாட்டுக்குப் பெரும்பாலோர்க்கு அளவு மாற்றம் தேவைப்படாது. ஒரு நாளைக்குப் பல முறை ஊசி போடுபவர் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் புட்டி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பத்தில் சுமார் 4 வாரம் கெடாது. பூங்கா விடுதியில் குளிர்பெட்டி இல்லையெனில் ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலயம் உதவும். பனிக்கட்டியின் மேல் நேராக வைக்கக் கூடாது. மணலிலும் மண் தரையிலும் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். தோலுக்குள் புகுந்து புண்ணாக்கும் ஜிக்கர் எனும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி கென்யாவில் உண்டு. கால் உணர்ச்சி குறைந்தவருக்கு அப்புண் தெரியாமலே முற்றும். இரவுதோறும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் யாரேனும் பார்த்துவிடட்டும்.

*இதயமும் நுரையீரலும்:* பறக்கும் விமானத்துள் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதைப் போன்றது. நைரோபியில் இறங்கிய பின்னும் அதே உயரத்தில்தான் தங்கப் போகிறீர்கள். நலமானவர்க்கு இது ஒரு பொருட்டன்று. சமதளத்திலேயே மூச்சு வாங்குபவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர், கடும் இரத்தசோகை உள்ளவர், அண்மையில் மாரடைப்போ இதய அறுவையோ கண்டவர் ஆகியோர் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே எங்களைப் பாருங்கள். சென்றதும் முதல் இரண்டு நாள் படியேற்றத்தையும் அலைச்சலையும் குறைத்துக்கொள்ளுங்கள். கென்ய மலை 5,199 மீட்டர் உயரம் உடையது. அதன் ஏற்றப் பாதைகளை எளிதென்று எண்ணி, இதய நோய் உள்ளவர் தொடங்கிவிட வேண்டாம்.

*கருவிகள்:* நெபுலைசரும் உறக்க மூச்சுக் கருவியும் கொண்டு செல்பவர்க்கு மின்னழுத்தம் இடையூறாகாது. நம் நாட்டைப் போன்றதே. மின்செருகி மட்டும் வேறு. பிரிட்டனில் உள்ளதைப் போன்ற, செவ்வக வடிவில் மூன்று முனைகள் கொண்ட செருகி அங்கே வழக்கம். மாற்றியை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

*டயாலிசிஸ்:* சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். அங்குள்ள மையத்தில் நாளும் நேரமும் உறுதியான பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

உணவும் நீரும்

உணவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 1896 முதல் 1901 வரை நடந்த ரயில் பாதைப் பணிக்காகவும், அதையொட்டி வணிகத்துக்காகவும் இந்தியர் பெருமளவில் கென்யாவில் குடியேறினர். நகரங்களில் சைவ உணவும் நம் மளிகைப் பொருள்களும் கிடைக்கும். சாய், சப்பாத்தி என்ற சொற்களே அங்கு வழங்கும் சுவாகிலி மொழியில் கலந்துவிட்டன. அந்நாட்டாரின் அன்றாட உணவு உகாலி. நம் கேழ்வரகுக் களியைப் போல, மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிளறுவது. நீரிழிவு உள்ளவர் அதைச் சோற்றுக்கு மாற்றாகக் கொள்ளாமல், சோற்றைப் போலவே அளந்து உண்ண வேண்டும். உடன் பரிமாறும் சுக்குமா விக்கி என்ற கீரைப் பொரியலைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தேநீரில் பாலும் சர்க்கரையும் மிகுதி. "சாய் பிலா சுகாரி" என்றால் சர்க்கரையில்லாத தேநீர் என்று பொருள். இம்மூன்று சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மருத்துவர் டக்டாரி, மருந்து தாவா, காய்ச்சல் ஹோமா, நீர் மாஜி. ஆங்கிலம் அறிந்தோர் நகரங்களில் பலர் உண்டு.

கொதித்தாறிய நீரையோ மூடி திறக்கப்படாத புட்டி நீரையோ அருந்துங்கள். பல் துலக்கவும் அதுவே நல்லது. பனிக்கட்டியையும் நறுக்கி வைத்த பழங்களையும் தவிருங்கள். உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் பத்தேனும் எடுத்துச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கு நேர்ந்தால், நீர் வெளியேற்றும் மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அந்நாள்களில் எதை நிறுத்தலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விக்டோரியா ஏரியில் குளிக்கவோ கால் நனைக்கவோ வேண்டாம். நத்தை வழிப் பரவும் சிஸ்டோசோமா என்ற புழு அந்நீரில் தோலைத் துளைத்து உட்புகும்.

சாலை, விலங்கு, காப்பீடு

சிங்கத்தைவிடச் சாலைக்கே அஞ்ச வேண்டும். மட்டாட்டு எனப்படும் பகிர்வு வாகனங்கள் விரைந்து செல்பவை. முதியோருடன் செல்லும்போது இருக்கைப் பட்டை உள்ள வாகனத்தையே அமர்த்துங்கள். நகருக்கு வெளியே இரவுப் பயணத்தைத் தவிருங்கள்.

குரங்குக்கோ நாய்க்கோ உணவு நீட்டாதீர்கள். கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். "ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்ற சொல் இங்கே உயிருக்கு உலை வைக்கும்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, உங்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும் நாளில் பணம் வராது. நைரோபியில் நல்ல மருத்துவமனைகள் உள்ளன. ஆனால் வனப்பகுதிகள் அங்கிருந்து பல மணி நேரத் தொலைவில் உள்ளன. அதனால்தான் 1957இல் நைரோபியில் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கப்பட்டது. சிறு விமானத்தில் நோயாளியை நகருக்குக் கொண்டுவரும் வசதி இன்றும் உண்டு. அதற்கான செலவைக் காப்பீடு ஏற்குமா என்று கேட்டறியுங்கள். அவசர உதவிக்கு அங்கே 999 அல்லது 112.

திரும்பிய பின் காய்ச்சல் வந்தால்

இனி முதலில் கூறியதற்கே வருகிறோம். கொசு கடித்து ஏழு நாளுக்குப் பிறகே ஃபால்சிபாரம் காய்ச்சல் தோன்றும். பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி வரும். மூன்று மாதம் வரையிலும் வரலாம். அதற்குப் பின்னும் சிலருக்கு வருவதுண்டு. நடுக்கத்தோடும் முறையோடும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தலைவலி, உடல்வலி, வயிற்றுப்போக்கு, இருமல் என்று எந்த வேடத்திலும் வரும். தட்டணு குறையும், ஆகவே டெங்கு போலத் தோன்றும். நீரிழிவு உள்ளவருக்கும் முதியோருக்கும் விரைவில் முற்றும்.

எனவே கென்யா சென்று வந்த எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், இரத்தப் பரிசோதனை இல்லையென்று காட்டும் வரை அதை மலேரியா என்றே கொள்ள வேண்டும். நாளை பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே பரிசோதியுங்கள்; நள்ளிரவாயினும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். ஒரு பரிசோதனையில் இல்லையென்று வந்தாலும் நிம்மதி கொள்ளலாகாது. ஐயம் தீராதபோது 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மேலும் இருமுறை பார்க்க வேண்டும். தடுப்பு மாத்திரை உட்கொண்டவர்க்கும் இது பொருந்தும். அதற்கிடையில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொள்ளுங்கள். மற்ற வலி மாத்திரைகள் வேண்டா. மயக்கம், மூச்சு வாங்குதல், கண் மஞ்சளித்தல், சிறுநீர் குறைதல் அல்லது கறுத்தல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

காய்ச்சலில் கிடப்பவருக்குத் தம் பயணத்தைச் சொல்ல நினைவிருக்காது. அதைச் சொல்லும் பொறுப்பு உடன் வரும் உங்களுடையது. ஒரு சிறு அட்டையில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தெந்த ஊர்களில், என்ன தடுப்பு மாத்திரை உட்கொண்டு இருந்தார் என்பதை எழுதி, அவர் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஓராண்டு வரை வைத்திருங்கள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும், அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்: "இவர் கென்யாவுக்குச் சென்று வந்தவர். மலேரியா பரிசோதனை செய்யுங்கள்."

அந்தத் தாய் இப்போதும் நீரிழிவுக்காக எங்களிடம் வருகிறார். மீண்டும் மகளிடம் செல்ல விரும்புவதாக அண்மையில் கூறினார். நாங்கள் தடுக்கவில்லை. புறப்படும் நாளுக்கு ஆறு வாரம் முன்பு வரச் சொல்லியிருக்கிறோம். அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் அந்த அட்டைக்கு இடம் விட்டிருக்கிறார் அவர் மகன்.